வாயில் குழாய் இருக்கும்போது சொன்னவை

சென்ற மாதம் நித்யா தொலைபேசியில் அழைத்தாள். வேங்கிக்கால் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு மருத்துவமனையில், வயிற்றுக்குள் குழாய் விட்டுத் திரையில் பார்க்கும் எண்டோஸ்கோபி அறை இப்போது அவள் பொறுப்பில் இருக்கிறது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில மாதங்கள் இருவரும் ஒரே அறையில் வேலை பார்த்தோம்.

"அங்கிள், மயக்க ஊசி போடாம எப்படி அங்கிள் அத்தனை பேருக்குப் பண்ணீங்க? இன்னைக்கு ஒருத்தர் ஊசியே வேணாம்னுட்டாரு. ரெண்டு பேர் புடிச்சும் அடங்கல. டாக்டரோட விரலைக் கடிச்சிட்டாரு."

"மவுத் கார்டு மாட்டலையா?"

"அதை மாட்டப் போனப்பதான் கடிச்சாரு."

மவுத் கார்டு என்பது பல்லுக்கிடையில் வைக்கும் பிளாஸ்டிக் வளையம். நடுவில் ஓட்டை இருக்கும். குழாய் அதன் வழியாகத்தான் உள்ளே போகும். இப்போது எல்லோரையும் தூங்கவைத்துவிட்டுத்தான் குழாயை இறக்குகிறார்கள். நோயாளிக்கு எதுவும் தெரிவதில்லை. எழுந்ததும் "எப்ப சார் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்கிறார்களாம். நல்ல முன்னேற்றம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் கடைசிவரை வேலை பார்த்த டாக்டர் சலீம் இன்று இருந்திருந்தால் அவருடைய வைத்தியத்தில் பாதி நடந்திருக்காது. அந்தப் பாதியை அவர் பேச்சால் செய்தார். நோயாளி விழித்திருந்து, வாயில் குழாய் இருந்து, பதில் சொல்ல முடியாமல் கிடக்கும் அந்த ஐந்தாறு நிமிடங்களில் செய்தார்.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. வேலூரில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். அந்தப் பதிப்பை மூடினார்கள். திருவண்ணாமலையில் ஒரு வயிற்று நோய் டாக்டருக்கு ரிப்போர்ட் தட்டச்சு செய்ய ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்தேன். தட்டச்சுக்கு வந்தவனை, ஆள் வராத ஒரு நாளில் நோயாளியின் தலையைப் பிடிக்கச் சொன்னார். பிறகு குழாயைக் கழுவச் சொன்னார். பிறகு ஒரு பயிற்சிக்கு அனுப்பிச் சான்றிதழும் வாங்க வைத்தார். கடைசிவரை என்னை 'எடிட்டர்' என்றே கூப்பிட்டார். பிழை திருத்துபவனுக்கும் ஆசிரியருக்கும் உள்ள தூரத்தை நான் ஒருமுறை விளக்கினேன். "உனக்கு பிரமோஷன் குடுத்தேன்னு வெச்சுக்க" என்றார்.

மாட வீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது எங்கள் கிளினிக். கீழே பாத்திரக்கடை. எந்த ஊரிலும் இந்தச் சோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள், வருவார்கள். எங்கள் ஊரில் அது அவ்வளவு எளிதில்லை. காலையில் டாக்டரிடம் போவதற்கு முன் கோயிலுக்குப் போகாமல் இருக்க முடியுமா? போனால் பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், "பச்சைத்தண்ணி கூட இல்ல சார்" என்று சத்தியம் செய்வார்கள். குழாய் உள்ளே போனதும் திரையில் சர்க்கரைப் பொங்கல் தெரியும். முந்திரி முழுசாகத் தெரியும். வெளியே எடுத்த பிறகு கேட்டால், "அது சாப்பாடு இல்லீங்களே, பிரசாதம்" என்பார்கள். பொய் சொன்னதாக அவர்கள் முகத்தில் ஒரு சுருக்கமும் இருக்காது. அவர்கள் பொய் சொல்லவும் இல்லை.

ரிப்போர்ட்டில் அதை எப்படி எழுதுவது என்று முதல்முறை கேட்டேன்.

"பாத்ததை எழுது."

"பொங்கல்னு எழுதலாமா சார்?"

"பொங்கல்தானே பாத்த?"

செய்தி அறையில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். பார்த்ததை எழுது, பார்க்காததை எழுதாதே. ஆனால் அங்கே அதை யாரும் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை.

முறை இதுதான். முதலில் தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடிப்போம். கசக்கும். எச்சில் விழுங்குவதே தெரியாமல் போகும்போது நோயாளிக்கு ஒரு பயம் வரும். அந்தப் பயம் வந்துவிட்டால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, கன்னத்தின் கீழ் துண்டு விரிப்போம். மவுத் கார்டை மாட்டி, பட்டையைத் தலைக்குப் பின்னால் கட்டுவேன். என் ஒரு கை அவர் நெற்றியில், இன்னொரு கை தாடையில் இருக்கும். "எச்சிலை விழுங்காதீங்க, தானா வழியட்டும், துண்டு எங்களுது" என்று டாக்டர் சொல்வார். பிறகு சுண்டுவிரல் கனத்தில் உள்ள கறுப்புக் குழாயில் ஜெல்லி தடவி, நாக்கின் மேல் வைத்து, "முழுங்குங்க" என்பார். முழுங்கியதும் அது பாதி தானாகவே போகும். காற்று செலுத்துவார். சுருங்கிக் கிடக்கும் இரைப்பை கூடாரம் மாதிரி விரியும். அப்போதுதான் பேச ஆரம்பிப்பார்.

"கேக்குதா? ஆமான்னா ஒரு விரல். இல்லேன்னா ரெண்டு விரல். நிறுத்தணும்னா கையை மூடுங்க. பேச வேணாம், பேசவும் முடியாது."

அவருடைய கொள்கை எளிமையானது. "நம்ம ஊர்க்காரங்களுக்கு வைத்தியம் தெரியும், எடிட்டர். எல்லாருக்கும் தெரியும். உக்கார வெச்சு நான் ஒண்ணு சொன்னா அவங்க ரெண்டு சொல்லுவாங்க. வாயில குழாய் இருந்தாதான் நான் சொல்றது முழுசா உள்ள போவுது." சாராயத்தை விடு, வெற்றிலையை விடு, மருமகளிடம் சண்டை போடாதே, எல்லாவற்றையும் குழாய் உள்ளே இருக்கும்போதே சொல்லி, ஒரு விரல் வாங்கிவிடுவார். ஒரு விரல் தூக்கியவர்கள் பலர் சொன்னபடி நடந்தார்கள். திரையில் தங்கள் சொந்த வயிற்றைப் பார்த்துக்கொண்டு கொடுத்த வாக்கு என்பதாலோ என்னவோ.

கொரோனாவுக்குப் பிறகு ஊரில் எல்லோர் வீட்டிலும் டப்பா மருந்து வந்துவிட்டது. எதிர்ப்புச் சக்திக்கு ஒன்று, ரத்தச் சுத்திக்கு ஒன்று. அந்த நாட்களில்தான் ஏகாம்பரம் வந்தார். கலெக்டர் அலுவலகம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். ஊரடங்கில் கடை படுத்துவிட, ஆன்டி ஆக்ஸிடன்ட் கேப்ஸ்யூல் விற்கும் ஒரு வியாபாரத்தில் சேர்ந்திருந்தார். ஆளைச் சேர்த்தால் கமிஷன், அவர் ஆளைச் சேர்த்தால் அதிலும் கமிஷன் என்கிற வகை வியாபாரம். நெஞ்சுக்குக் கீழே எரிச்சல், சாப்பிட்டால் வலி. கூடவே அவர் மனைவி மல்லிகா வந்திருந்தார். வீட்டில் பிளவுஸ் தைப்பவர். ஏகாம்பரம் உட்கார்ந்ததுமே டாக்டரிடம் ஒரு மடக்குத் தாளை நீட்டினார். அதில் ஒரு எலி சிரித்துக்கொண்டிருந்தது.

"எங்க பிராடக்ட் சார். டென்ஷன்ல வர வயித்துப்புண்ணுக்குன்னே இருக்குது. எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க. டென்ஷனான எலி. குடுக்காத எலிக்கு வயிறெல்லாம் புண்ணு, குடுத்த எலிக்கு ஒண்ணுமே இல்ல. சயின்ஸ் சார்."

டாக்டர் தாளை முழுவதும் படித்தார். எதைக் கொடுத்தாலும் முழுவதும் படிப்பது அவர் வழக்கம்.

"எலிக்கு நடந்தது எலிக்கு நிஜமா இருக்கலாம். நான் இல்லேன்னு சொல்லல. அந்த எலிக்கு எப்படி டென்ஷன் வந்துச்சு தெரியுமா? கட்டிப் போட்டு, கழுத்து வரைக்கும் பச்சைத்தண்ணியில நிறுத்தி வெச்சாங்க. உங்களை யாரு நிறுத்தி வெச்சது?"

ஏகாம்பரம் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எங்க அப்லைன் சார்."

அப்லைன் என்றால் அவரை இந்த வியாபாரத்தில் சேர்த்துவிட்டவர். வேலூர்க்காரர். மாதக் கடைசியில் மணிக்கொருமுறை அழைத்து டார்கெட் என்ன ஆயிற்று என்று கேட்பாராம். ஏகாம்பரம் பேசிக்கொண்டிருந்த சிறிது நேரத்திலேயே அவர் சட்டைப்பையில் போன் இரண்டுமுறை அதிர்ந்தது. அதிரும்போதெல்லாம் கை வயிற்றுக்குப் போனது.

குழாயை இறக்கினோம். இரைப்பையின் கீழ்ப்பாகத்தில் புண். ஒரு ரூபாய்க் காசு அளவு, நடுவில் வெளிறிய மஞ்சள், ஓரம் சிவந்து தடித்திருந்தது. மஞ்சளின் நடுவே ஒரு கரும்புள்ளி. டாக்டர் பேச்சை ஆரம்பித்தார்.

"தலைவலி மாத்திரை சாப்பிடறீங்களா?"

ஒரு விரல்.

"தினமும்?"

ஒரு விரல்.

"ஒரு நாளைக்கு எத்தினி?"

ஏகாம்பரம் இரண்டு விரலைத் தூக்கினார். பிறகு அது 'இல்லை' ஆகிவிடுமோ என்று பயந்து மூன்றாகத் தூக்கினார். பிறகு அது பொய்யாகிவிடுமே என்று கையை மூடினார். கையை மூடினால் நிறுத்து என்று அர்த்தம். டாக்டர் நிறுத்தினார். இதைச் சரிசெய்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"டென்ஷன் மட்டும் இந்தப் புண்ணைப் போடாது" என்றார் டாக்டர், புண்ணின் ஓரத்தில் நான் குழாய் வழியாக விட்ட இடுக்கியால் சோதனைக்குச் சதை எடுத்துக்கொண்டிருந்தபோது. "டென்ஷன்ல தலைவலி, தலைவலிக்கு மாத்திரை, மாத்திரையால புண்ணு. இந்தக் கரும்புள்ளியைப் பாருங்க. அதுக்கு அடியில ரத்தக்குழாய். அது திறந்துக்கிச்சுன்னா பஸ் புடிச்சு இங்க வர நேரம் இருக்காது. நான் எழுதித் தரதை ரெண்டு மாசம் சாப்பிடுங்க. அப்புறம் திரும்பப் பாக்கணும். சரியா?"

இரண்டு விரல். இந்தமுறை எந்தக் குழப்பமும் இல்லை. திட்டவட்டமாக, உயரமாக, இரண்டு விரல்.

என் சர்வீசில் குழாய் உள்ளே இருக்கும்போது டாக்டரிடம் முடியாது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். வெளியே வந்து வாயைத் துடைத்துக்கொண்டு காரணம் சொன்னார். புண் இருக்கும் படம் இப்போது கிடைத்துவிட்டது. இரண்டு மாதம் தன் கேப்ஸ்யூலைச் சாப்பிட்டு ஆற்றி, ஆறிய படத்தையும் எடுத்து, மண்டபத்தில் நடக்கப்போகும் கம்பெனியின் பெரிய மீட்டிங்கில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டப்போகிறார். தலைவலி மாத்திரையை நிறுத்திவிடுவார், அதில் தகராறு இல்லை. ஆனால் டாக்டரின் மருந்து வேண்டாம்.

"ரெண்டையும் சேர்த்தே சாப்பிடுங்களேன்யா" என்றார் டாக்டர். "நான் வேணாம்னா சொன்னேன்?"

"ரெண்டையும் சாப்பிட்டா எதால ஆறுச்சுன்னு எப்படி சார் சொல்றது?"

அந்த அறையில் அதைவிட விஞ்ஞானப்பூர்வமான ஒரு வாக்கியத்தை யாரும் பேசி நான் கேட்டதில்லை. பேசியவரின் வயிற்றில் ஓட்டை விழ இருந்தது.

"எலிக்கே புத்தி இருந்தா அது இந்த வேலைக்கு வராது, ஏகாம்பரம்."

"நானே எலின்னு வெச்சுக்குங்க சார்" என்றார் அவர். பெருமையாகத்தான் சொன்னார்.

மருந்துச் சீட்டை அவர் தொடவில்லை. டாக்டர் அதை மல்லிகாவிடம் கொடுத்தார். "இதோ பாரும்மா. வெளிய போறது தார் மாதிரி கருப்பா போச்சுன்னா உள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தம். அன்னைக்கே தூக்கிட்டு வந்துடணும்."

மல்லிகா ஏகாம்பரத்தைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார்.

"இப்பவே கருப்பாதான் சார் போவுதாம். அந்த மருந்து சாப்பிட்டா எல்லாருக்கும் அப்படித்தான். கழிவு வெளிய வருதுன்னு அதுலயே போட்டிருக்குது."

டாக்டர் தாளைத் திருப்பினார். சிரிக்கும் எலிக்குக் கீழே அப்படித்தான் போட்டிருந்தது. கேப்ஸ்யூலுக்குள் இருந்தது கரும் ஊதா நிறத் தூள். ஆபத்து வந்தால் காட்டிக்கொடுக்க வேண்டிய ஒரே அடையாளத்தை அந்த மருந்து தினமும் இரண்டு வேளை பூசி மறைத்துக்கொண்டிருந்தது. டாக்டர் நாற்காலியில் சாய்ந்து மின்விசிறியைப் பார்த்தார். "எடிட்டர், மருந்து வேணாம்னு அவரு சொன்னதா எழுதி, கையெழுத்து வாங்கிக்க" என்றார். ஏகாம்பரம் அழகாகக் கையெழுத்துப் போட்டு, தனக்கும் ஒரு ஜெராக்ஸ் கேட்டார்.

சதைச் சோதனையில் புற்று இல்லை என்று வந்தது. அந்தத் தாளை வாங்க வந்தவரிடமும் டாக்டர் சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை. பிறகு இரண்டு மாதம் அவரைப் பற்றிய செய்திகள்தான் வந்தன. பாத்திரக்கடைக்காரர் ஒரு டப்பா வாங்கியிருந்தார். "எண்ணி ஒரே வாரத்துல எரிச்சல் போச்சாம்ணா. இப்ப பரோட்டா துன்றாரு" என்றார். எங்கள் நோயாளிகளே சிலர், "சார், அந்த ஊதா மாத்திரை சாப்பிடலாமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். டாக்டருக்கு இது புரியவில்லை. வலி நின்றதற்குத் தலைவலி மாத்திரையை விட்டது காரணமாக இருக்கலாம் என்றார். இரண்டு நாள் கழித்து, புண் ஆழமாகி நரம்பு மரத்திருந்தாலும் வலி தெரியாது என்றார். ஒவ்வொரு நாள் காலையும் வாசலில் ஆட்டோ வேகமாக வந்து நின்றால் எழுந்துபோய் எட்டிப் பார்த்தார்.

மீட்டிங்குக்கு முந்தைய நாள், சனிக்கிழமை காலை, ஏகாம்பரம் வந்தார். முகம் தெளிந்திருந்தது. புதுச் சட்டை. ஆறிய படம் மட்டும் போதாது, திரையை வீடியோவாகவே எடுக்க வேண்டும், மல்லிகா உள்ளே நின்று போனில் எடுப்பார் என்றார். டாக்டர் சம்மதித்தார். புண் பெரிதாகியிருந்தால் அதுவும் வீடியோவில் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

நான் தொண்டைக்கு மருந்து அடித்துவிட்டு வெளியே வந்தேன். மல்லிகா சுவரோரம் நின்றிருந்தார். கண் வீங்கியிருந்தது.

"அண்ணா, உள்ள புண்ணு ஆறித்தான் இருக்கும். எனக்குத் தெரியும்."

"எப்படிம்மா?"

அவர் சொன்னதை வரிசையாகத் தருகிறேன். முதலில் அவர் புண்ணை ஆற்ற நினைக்கவில்லை. வெளியே போவதன் நிறத்தைத்தான் பார்க்க நினைத்தார். ஊதாத் தூள் உள்ளே போகும்வரை ரத்தம் கசிகிறதா இல்லையா என்று தெரியாது. அதனால் ஏகாம்பரம் குளிக்கப் போனபோது டப்பாவில் இருந்த கேப்ஸ்யூல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தூளைக் கொட்டிவிட்டு மூடினார். பிளவுஸுக்குக் கொக்கி வைக்கிற விரல்கள், கூடு நசுங்கவில்லை. மூடிய பிறகுதான் ஒன்று தெரிந்தது. வெறும் கூடு லேசாக இருந்தது, கையில் எடுத்தால் கண்டுபிடித்துவிடுவார். உள்ளே எதையாவது போட வேண்டும். அரிசிமாவு போடலாமா என்று யோசித்தார். அப்போதுதான் டாக்டரின் சீட்டு பீரோவில் இருப்பது நினைவுக்கு வந்தது. மருந்துக் கடையில் வாங்கி அந்தக் கேப்ஸ்யூலைப் பிரித்தால் உள்ளே ஜவ்வரிசியைவிடச் சின்னதாக வெள்ளை உருண்டைகள். அதை ஊதாக் கூட்டுக்கு மாற்றினார். காலையில் ஒன்று, வெறும் வயிற்றில், டாக்டர் சொன்னபடியே. சாயங்காலக் கூட்டில் மட்டும் அரிசிமாவு. வேளைக்கு வேளை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

"ரெண்டு நாள்ல நிறம் சரியா ஆயிடுச்சுண்ணா. ஏங்க, இப்ப கருப்பா போவலியான்னு கேட்டேன். கழிவெல்லாம் போயிடுச்சு, உடம்பு சுத்தமாயிடுச்சுன்னாரு."

"அந்தத் தூளை என்ன பண்ணே?"

"கருவேப்பிலைச் செடிக்குப் போட்டேன். அது நல்லா வந்திருக்குது."

இத்தோடு நின்றிருந்தால் அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். கீழ்பென்னாத்தூரில் மணிலாக் கடலை வியாபாரம் செய்யும் அவருடைய தம்பி சேகருக்கும் வயிற்றுப்புண். ஒழுங்காக மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், மாமாவுக்கு ஆறிவிட்டதைப் பார்த்து அதை நிறுத்திவிட்டு ஊதாக் கேப்ஸ்யூலுக்கு மாறியிருந்தான். அசல் ஊதாக் கேப்ஸ்யூல். மூன்று நாளைக்கு முன் ரத்த வாந்தி எடுத்து, ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மீட்டிங் நேரத்தில் மனசு கெட வேண்டாம் என்று ஏகாம்பரத்திடம் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள்.

"டப்பாவைத் தலைமாட்டுலயே வெச்சிருக்கான்ணா. நர்ஸம்மா குடுக்கற மாத்திரையைத் துப்பிட்டு அதைத் தேடறான். நாங்க சொன்னா கேக்கல. 'மாமாவுக்கு ஆறிச்சே, நீ இன்னா பேசற'ன்றான். இவரு சொன்னாதான் கேப்பான். இவருகிட்ட நான் எப்படிச் சொல்றது? பேசவே உட மாட்டாரு. நான் ஒரு வார்த்தை ஆரம்பிச்சா அவரு மீட்டிங் பேசற மாதிரி ஒம்பது வார்த்தை பேசுவாரு."

நான் உள்ளே போய் டாக்டரின் காதில் சுருக்கமாகச் சொன்னேன். அவர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். கோபமா, சிரிப்பா, மாஸ்க்குக்குப் பின்னால் தெரியவில்லை.

"அந்தம்மாவை வரச்சொல்லு" என்றார். "குழாய் போகட்டும். அப்புறம் சொல்லட்டும்."

குழாய் போனது. கூடாரம் விரிந்தது. புண் இருந்த இடத்தில் வெண்மையான ஒரு தழும்பு. நட்சத்திரம் மாதிரி கோடுகள் ஒரு புள்ளியில் கூடின. கரும்புள்ளி இல்லை. ஏகாம்பரத்தின் கண் திரையில் இருந்தது. எச்சில் வழிய, கட்டைவிரலை உயர்த்தினார். எங்கள் விரல் கணக்கில் கட்டைவிரலுக்கு இடமில்லை. ஆனாலும் புரிந்தது. மல்லிகா போனைத் திரைக்கு நேரே பிடித்திருந்தார்.

"இன்னாங்க, நான் ஒண்ணு சொல்றேன். நீங்க பேசாதீங்க" என்றார்.

"அவரால முடியாதும்மா. சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"நீங்க சாப்பிட்டது உங்க மருந்து இல்ல. டாக்டரு மருந்து. நான்தான் பிரிச்சு மாத்தி வெச்சேன். உங்க தூளு பூரா கருவேப்பிலைச் செடியில கீது."

இரண்டு விரல்.

"இல்லேன்னா இன்னா இல்ல? தெனம் நீங்க குளிக்கப் போவும்போது மாத்தினேன். சாயங்காலம் நீங்க முழுங்கினது அரிசிமாவு."

இரண்டு விரல் இன்னும் உயரப் போனது. தலையை அசைக்கப் பார்த்தார். என் கை நெற்றியில் இருந்தது. தொண்டையிலிருந்து ஏதோ ஒலி வந்தது. டாக்டர் குழாயை நகர்த்தாமல் நின்றார். திரையில் அந்த வெள்ளைத் தழும்பு அசையாமல் இருந்தது.

"சேகருக்கு சாப்பாடு சேராம இல்லீங்க. ரத்தமா கக்கினான். அவன் சாப்பிட்டதுதான் உங்க மருந்து. இன்னும் அதான் வேணும்ன்றான். மாமாவுக்கு ஆறிச்சேன்றான். நீங்க சொல்லலேன்னா அவன் செத்துடுவான்."

கீழே பாத்திரக்கடையில் யாரோ ஒரு அண்டாவைத் தட்டிப் பார்த்தார்கள். தூக்கிய இரண்டு விரல்களில் ஒன்று மெல்ல மடங்கியது. ஒரு விரல் நின்றது.

"எடுக்கறேன், மூச்சு விடுங்க" என்றார் டாக்டர்.

ஏகாம்பரம் வாயைத் துடைத்துக்கொண்டார். மல்லிகாவிடமிருந்து போனை வாங்கினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். வீடியோவை ஒருமுறை முழுவதும் பார்த்தார். மல்லிகா பேசும்போதும் அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. தழும்பும் இருந்தது, மல்லிகாவின் குரலும் இருந்தது. சேகருக்கு அனுப்பினார். சற்று நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது.

"மாமா, அது உங்க வயிறா?"

"என் வயிறுதாண்டா. உங்கக்கா குரலுதான். டப்பாவைத் தூக்கி வெளிய போடு. நர்ஸம்மா இன்னா குடுக்கறாங்களோ அதை முழுங்கு."

மறுநாள் மண்டபத்துக்கு நானும் போனேன். அழைப்பு இல்லை. பழைய தொழில் பழக்கம், அவ்வளவுதான். செங்கம் சாலையில் உள்ள பெரிய மண்டபம், நாற்காலி எல்லாம் நிரம்பியிருந்தது. அந்த வெயிலில் கோட்டு போட்டிருந்தவர் அப்லைன் என்று சொல்லாமலே தெரிந்தது. மேடையில் பெரிய திரை. ஏகாம்பரத்தை மாலை போட்டு அழைத்தார்கள். மேடைக்கு ஏறுமுன் அவர் என்னைப் பார்த்தார்.

"பேசினேன்னா நடுவுல எங்கியாவது மாத்திப் பேசிடுவேண்ணா. எனக்கே தெரியும். அதான் வீடியோவையே போடச் சொல்லிட்டேன்."

விளக்குகளை அணைத்தார்கள். ஏகாம்பரத்தின் இரைப்பை மேடை உயரத்துக்கு இளஞ்சிவப்பாக விரிந்தது. கூட்டம் கைதட்டியது. பிறகு மல்லிகாவின் குரல் நான்கு ஒலிபெருக்கிகளிலும் கேட்டது. கருவேப்பிலைச் செடி வந்தபோது யாரோ சிரித்தார்கள். சேகர் பேச்சு வந்தபோது சிரிப்பு நின்றது. அந்த ஒரு விரல் திரையில் இல்லை, அதைப் பார்த்தது நாங்கள் மூவர்தான். ஆனால் விளக்கு போட்டபோது ஏகாம்பரம் மேடையில் ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். ஏன் என்று அங்கே யாருக்கும் புரியவில்லை.

அப்லைன் ஒலிவாங்கியைப் பிடுங்கினார். ஒரு விநாடிகூடத் தடுமாறவில்லை. அந்தத் திறமையை நான் மதிக்கிறேன். "பாத்தீங்களா? மறைக்காம சொல்ற கம்பெனி நம்ம கம்பெனி! ஒரு செடிக்கே இந்தப் பலன்னா மனுஷனுக்கு எப்படி இருக்கும்?" சிலர் கைதட்டினார்கள். என் பக்கத்தில் இருந்தவர் தன் வீட்டு முருங்கைக்கு எவ்வளவு போடலாம் என்று கேட்டார்.

ஏகாம்பரம் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினார். மண்டப வாசலில் மல்லிகா தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார். பையிலிருந்து டாக்டர் எழுதிக்கொடுத்த கேப்ஸ்யூலை எடுத்து நீட்டினார். காலையில் பரபரப்பில் விட்டுப்போன வேளை. ஊதாக் கூடு இல்லை, அதன் சொந்தக் கூட்டிலேயே இருந்தது. எல்லோரும் பார்க்க ஏகாம்பரம் விழுங்கினார். உடனே நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"இது இன்னாண்ணா, புது பிராடக்டா?"

"எங்க கிடைக்கும்?"

"டாக்டர்கிட்ட" என்றார் ஏகாம்பரம். கொஞ்சம் யோசித்து, பழக்கத்தில் குரலை உயர்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "வெறும் வயித்தோட வாங்க!"

திங்கட்கிழமை காலை எங்கள் மாடிப்படி முழுவதும் ஆட்கள். பாத்திரக்கடைக்காரர் தன் கடைக்கு வழி விடவில்லை என்று சத்தம் போட்டார். பலருக்கு மாத்திரைச் சீட்டு மட்டுமே போதுமாக இருந்தது, சிலருக்குக் குழாய் தேவைப்பட்டது. வரிசையின் கடைசியில், கோட்டு இல்லாமல், சாதாரண அரைக்கைச் சட்டையில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன் அதிரும்போதெல்லாம் கை வயிற்றுக்குப் போனது. நான் அடையாளம் கண்டுகொண்டேன். டாக்டருக்கும் சொன்னேன்.

"உங்களுக்கு இன்னாங்க டென்ஷன்?" என்று டாக்டர் கேட்டார். "எல்லாரையும் தண்ணியில நிறுத்தறவரு நீங்கதானே?"

"எனக்கும் ஒரு அப்லைன் இருக்காரு சார்" என்றார் அவர்.

டாக்டர் படுக்கச் சொன்னார். நான் துண்டை விரித்து, மவுத் கார்டைக் கையில் எடுத்தேன்.

"காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"பச்சைத்தண்ணி கூட இல்ல சார். இவ்ளோ தூரம் வந்துட்டு சாமியைப் பாக்காம எப்படி வரதுன்னு கோயிலுக்குப் போனேன். பிரசாதம் குடுத்தாங்க. அதான்."

நான் மவுத் கார்டைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.